ஆஸ்பத்திரிக் குலை

மக்களே,

தர்மாஸ்பத்திரி என்று பலகை மாட்டிய இடத்தில் ஏதாவது கொடுக்காமல் வைத்தியம் கிடைப்பதில்லை. இதுதான் நடந்திருக்கிற அநியாயம். இதைச் செய்தவன் வெள்ளைக்காரனும் இல்லை, திருவனந்தபுரத்து மந்திரியும் இல்லை. அவர்கள் செய்த அநியாயங்கள் வேறு. இது நம் ஊர்க்காரர்கள் செய்தது, நம் சொந்தக்காரர்கள் செய்தது, அதில் பெரும்பங்கு, மகனே, உன் மாமா செய்தது. அவர் மகளைத்தான் ஆவணியில் நீ கட்டப்போகிறாய். அவர் பணத்தில்தான், அந்தத் தர்மாஸ்பத்திரிக்கு எதிர்ச் சாரியில், அவருடைய பழைய கடையை இடித்த இடத்தில், உனக்கென்று ஓர் ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருக்கிறது. சர்க்கார் டாக்டர் வேலையை விட்டுவிட்டு அதில் வந்து உட்காரப்போவதாக எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்கும் திறப்புக்கும் நான் முன்னால் நிற்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். இவ்வளவு நாள் நான் பதில் எழுதாதது கோபத்தால் அல்ல. சண்டை போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. அலுத்துப்போனவன் சம்மதித்துவிட்டான் என்று நீங்கள் யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இப்போது எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைக்க வேண்டியதில்லை. மாமாவுக்கும் படித்துக் காட்டு, கேட்கிற எல்லாருக்கும் காட்டு.

உன் கடிதத்தில் சொன்ன காரணங்களை நிதானமாகப் படித்தேன். பென்சிலின் கப்பலில் வருகிறது, எக்ஸ்ரே பெட்டிக்கு வெளிநாட்டில் பணம் கட்ட வேண்டும், படித்த நர்சு கிடைப்பதில்லை, அதனால் வைத்தியம் செலவு பிடிக்கிறது, இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்கிறாய். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. வண்டி அடித்துக்கொண்டே, சாமான் பொதிந்து வந்த காகிதங்களை எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகியவன். ஆனாலும் பென்சிலின் விலைக்கு நீ பொறுப்பல்ல என்பது எனக்குப் புரியும். நான் கேட்பது வேறு. எலும்பு முறிந்தால் போடுகிற மாவுக்கட்டு, புண்ணுக்கு வைக்கிற பஞ்சு, காய்ச்சலுக்குக் கொடுக்கிற கலக்கு மருந்து, இவை எல்லாம் பென்சிலின் வருவதற்கு முன்பே அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவை. சர்க்கார் பணத்தில் வாங்கியவை. அவற்றுக்கு எப்படி விலை வந்தது? யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று ஒருவன் சொன்னால், சொல்ல வேண்டிய பெயர் அவன் நாக்கு நுனியில் இருக்கிறது என்று அர்த்தம்.

காழ்ச்சைக் குலை உனக்கு நினைவிருக்கும். ஓணத்துக்கு முன்னால், நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற பாட்டக்காரன் தன் வாழையில் நல்ல ஏத்தன் குலையாகப் பார்த்து வெட்டி, நிலத்துக்காரர் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டு நிற்பான். அவர் ஒரு வேட்டி கொடுப்பார். பாட்ட நெல் வேறு, இது வேறு. இது மரியாதை. வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வைக்காதவன் என்று யாரும் இல்லை. காற்றில் வாழை எல்லாம் சாய்ந்த ஒரு வருஷம் நான் வைக்கவில்லை. சந்தையில் குலை வாங்கி என் தோட்டத்துக் குலை என்று கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கன்னிப்பூப் போகத்து நடவுக்கு நிலம் வேறொருவன் கையில் இருந்தது. கேட்காமல் வாங்குகிற பாட்டத்துக்குத்தான் மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகுதான் வண்டியும் மாடும்.

சுதந்திரம் வந்த வருஷம் நம் தர்மாஸ்பத்திரிக்கு வடக்கே இருந்து ஒரு மலையாள டாக்டர் வந்தார். நல்ல மனிதர். சாதி கேட்காமல் தொட்டுப் பார்ப்பார். நம் ஜனங்களுக்கு அவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. வைத்தியருக்குத் தட்சணை வைத்துப் பழகியவர்கள். சும்மா வாங்கின மருந்து பலிக்காது என்று உன் அம்மை இன்றைக்கும் சொல்வாள். அவளுக்குக் காய்ச்சல் இறங்கிய அன்று வெற்றிலையில் பாக்கும் காசும் வைத்து அவர் மேசையில் நீட்டினாள். அவர் சிரித்துவிட்டார்.

"அம்மே, இது சர்க்காரு தருந்ந மருந்தாணு. எனிக்கு ஒந்நும் வேண்டா."

"அப்பம் சர்க்காருட்ட குடுத்திருங்க," என்றாள் உன் அம்மை.

அவர் இன்னும் சிரித்தார். வாசலைத் தாண்டும்போது, அங்கே காயத்துக்கும் முறிவுக்கும் கட்டுப்போடுகிறவர் பின்னாலேயே வந்தார். "இஞ்ச தாருங்க அம்மா. சர்க்காருட்ட நான் சேத்துருவேன்," என்று கையை நீட்டினார். உன் அம்மை சந்தோஷமாகக் கொடுத்தாள். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். அது அவ்வளவு நல்ல வேடிக்கையாக இருந்தது.

அந்த ஓணத்துக்கு டாக்டர் குடியிருந்த வீட்டு வாசலில் குலைகள் வந்து இறங்கின. யாரும் கேட்கவில்லை. உயிர் காத்தவர், நிலத்துக்காரரை விடப் பெரியவர், அவருக்கு வைக்காமல் யாருக்கு வைப்பது என்று தலைச்சுமையாகக் கொண்டு வந்தார்கள். அவர் ஒன்றைக்கூட வீட்டுக்குள் எடுக்கவில்லை. வார்டில் படுத்திருக்கிறவர்களுக்குப் பங்கு வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பங்கு வைக்கிற வேலை கட்டுப்போடுகிறவருக்கும் வார்டு ஆட்களுக்கும் வந்தது. அப்படித்தான் குலை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது, ஒரு நேர்மையான மனிதர் கை காட்டிய வழியில். கொஞ்ச நாளில் டாக்டருக்கு மாற்றலாகிவிட்டது. குலைக்கு மாற்றல் வரவில்லை. ஓணத்துக்கு மட்டும் வந்தது எல்லா மாதமும் வந்தது. சுகமான பிறகு வந்தது, சுகமாவதற்கு முன்பே வர வேண்டும் என்று ஆனது.

உன் மாமாவின் கடை அதற்கு முன்பே அங்கே இருந்தது. கலக்கு மருந்து வாங்க நோயாளியே குப்பி கொண்டுபோக வேண்டும் அல்லவா, குப்பி இல்லாதவனை உள்ளே இருந்து திருப்பி அனுப்புவார்கள், அவனுக்கு விற்பதற்காகக் காலிக் குப்பியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துத் தொடங்கிய கடை. அதன் பிறகு ரொட்டி வந்தது. அதன் பிறகு குலை கட்டித் தொங்கவிட்டார். காலையில் அவர் கடையில் வாங்கிய குலை நோயாளியோடு உள்ளே போகும். பொழுது சாய்ந்ததும் வார்டு ஆள் தோளில் வெளியே வரும், அதே கடையில் பாதி விலைக்கு ஏறும், மறுநாள் காலையில் இன்னொரு நோயாளியோடு உள்ளே போகும். பழுத்துக் கறுத்துப்போகிறவரை ஒரே குலை ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். ஒரு நாள் நான் கடை முன்னால் வண்டியை நிறுத்திக் கேட்டேன்.

"ஏம்வே, நேத்து நான் கொண்டு இறக்குன ஆளு வாங்கிட்டுப் போன குலையில்லா இது? காம்புல அதே சேலைக்கிழிசல் கெட்டியிருக்கு."

"வாழைக்கும் வீட்டு நினைப்பு உண்டும்லா அத்தான். திரும்பி வந்திருக்கு."

"வெளையாடாதீரும். பாவம் புடிக்கும்."

"நான் கழுத்தப் புடிச்சா வாங்கச் சொன்னேன்? கேக்குகான், குடுக்கேன். நான் விக்கல்லன்னா பக்கத்துக் கடைக்காரன் விப்பான். சவத்த விட்டுத் தள்ளுங்க. வெத்தில போடுங்க."

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். உன் மாமா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை எளிது. சிரிக்கத் தெரிந்தவர், உன்னைத் தூக்கி வளர்த்தவர், உன் படிப்புக்குக் கொடுத்தவர். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் அம்மைதான் வாங்கி உனக்கு அனுப்பினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

கீரிப்பாறைப் பக்கம் மலைத்தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிற ஒருவர் ஒரு நாள் என் வண்டியில் ஏறினார். வெட்டுக்கத்தி நழுவிப் பாதத்தில் ஆழமாக இறங்கியிருந்தது. துணி சுற்றி மேலே ரப்பர் பாலை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். கூட மனைவி. தர்மாஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டபோது அவர் டாக்டர் எங்கே என்று கேட்கவில்லை. "அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக் குலை எங்க கிட்டும்?" என்று கேட்டார். அப்படி ஒரு பெயரை நான் அதுவரை கேட்டதில்லை. என்ன குலை என்றேன். சர்க்கார் உத்தரவாம், பஸ்ஸுக்குச் சீட்டு வாங்குவது மாதிரி ஆஸ்பத்திரிக்குக் குலை வாங்க வேண்டுமாம், தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியுமாம். அப்படி உத்தரவு எதுவும் கிடையாது, நேராக உள்ளே போங்கள் என்றேன். அவர் என்னை நம்பவில்லை. அவர் மனைவி என்னை ஓர் ஏமாற்றுக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். இருவரும் தாங்கித் தாங்கி உன் மாமா கடைக்கு நடந்தார்கள். அவள் காதில் கிடந்ததைக் கழற்றுவதை நான் வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன், என் வீட்டிலிருந்து அந்த வாசலுக்குள் ஒரு காய்கூடப் போகாது என்று.

அடுத்தது உனக்குத் தெரிந்த கதை. ஆனால் நீ அதை உன் மாமா வாயால் கேட்டிருக்கிறாய். உன் அம்மை வைக்கோல் படப்பிலிருந்து வழுக்கி விழுந்தபோது நீ மதராசில் படித்துக்கொண்டிருந்தாய். வலது முன்கை முறிந்துவிட்டது. டாக்டர் பார்த்தார், மாவுக்கட்டுப் போடச் சொன்னார், போய்விட்டார். கட்டுப்போடுகிறவர் மாவு தீர்ந்துபோய்விட்டது, நாளைக்கு வரும் என்றார். வராந்தாவில் பாயை விரித்துப் படுக்க வைத்தேன். மறுநாளும் மாவு இல்லை. ஆனால் எங்களுக்குப் பிறகு வந்த ஓர் ஆள் வெள்ளைக் கட்டோடு வெளியே போனார். அவர் மகன் குலை கொண்டு வந்ததை நான் பார்த்தேன். நான் சத்தம் போட்டேன். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கட்டுப்போடுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். உன் மாமா ஓடி வந்தார்.

"அத்தான், ஒரு குலை. நீங்க வாங்காண்டாம், நான் வைக்கேன். உங்க பேரு வராது."

"வச்சீருன்னா நான் இவள வண்டியில ஏத்திட்டுப் போயிருவேன்."

"எங்க கொண்டுபோவீங்க?"

அப்போது உன் அம்மை பாயில் கிடந்தபடியே சொன்னாள். "வாக்கு உங்களுக்கு. கை எனக்காக்கும்."

அவள் சொன்னது சரி. எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் நான் அசையவில்லை. மாவு ஒரு வழியாக வந்து கட்டுப்போட்டபோது வீக்கம் ஏறி எலும்பு விலகியிருந்தது. கை கோணலாகக் கூடியது. நீ லீவுக்கு வந்து தடவிப் பார்த்துவிட்டு, திரும்ப உடைத்துக் கட்டலாம் என்றாய். "ஒருக்கா ஒடஞ்சது போரும் மக்களே," என்றாள். நீ என் பக்கம் திரும்பி, "ஒரு குலைக்காகவா அப்பா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அந்த லீவு முழுக்க நீ என்னோடு பேசவில்லை. ஒரு குலை கொடுத்திருந்தால் அவள் கை நேராக இருந்திருக்கும், இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வராந்தாவில் குலை வாங்க முடியாத பலர் கிடந்தார்கள். என் குலை உள்ளே போயிருந்தால் அவர்களில் ஒருவர் இன்னும் ஒரு நாள் பின்னால் தள்ளப்பட்டிருப்பார். அவருடைய கையும் கைதான். இன்றைக்கு அதே இடத்தில் நின்றாலும் கொடுக்க மாட்டேன். உன் அம்மை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

போன மாசியில் நீ வந்தபோது, மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, என்னிடம் ஒன்று கேட்டாய். "ஒளிச்சு வாங்குகத விட போர்டு எழுதி வச்சு வாங்குகது மேலில்லையா அப்பா? இன்னதுக்கு இவ்வளவுன்னு எழுதிப் போட்டா ஏழைக்கும் தெரியும், பணக்காரனுக்கும் தெரியும். குலையும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம்." உன் மாமா, "டாக்டரு பேசுகத கேளுங்க அத்தான்," என்றார். நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். தோற்றுப்போய் எழுந்தேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். பாதி அப்படித்தான். நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. எழுதிப் போட்டு வாங்குகிறவன் ஒளித்து வாங்குகிறவனை விட நல்லவன்தான். ஆனால் எனக்கு அன்றைக்கு வராத பதில் இப்போது வந்திருக்கிறது. தர்மாஸ்பத்திரி வராந்தாவில் நான் சத்தம் போட முடிந்தது. ஏனென்றால் அந்த மாவு என்னுடையது, அந்த வராந்தா என்னுடையது, அவர் செய்தது திருட்டு என்று அவருக்கே தெரியும், அதனால்தான் முகத்தைத் திருப்பினார். உன் போர்டுக்கு முன்னால் காசில்லாதவன் என்ன சத்தம் போடுவான்? படித்துப் பார்த்துவிட்டு, தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவான். உன் முகமும் திரும்ப வேண்டியதில்லை. கூச்சம் இருந்த ஓர் அநியாயத்துக்கு நீங்கள் கூச்சம் போக்கிக் கொடுக்கிறீர்கள்.

இன்னொன்று. அந்தக் கட்டுப்போடுகிறவரை உன் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி மாமா பேசி முடித்துவிட்டார். கை சுத்தமான வேலைக்காரராம். இனி தர்மாஸ்பத்திரியில் மாவு உண்மையாகவே தீர்ந்துபோகும். மருந்து இல்லை, ஊசி இல்லை, எதிரே போங்கள் என்பார்கள். எதிர்ச் சாரியில் ஆஸ்பத்திரி நன்றாக நடக்க வேண்டுமானால் இந்தச் சாரியில் ஆஸ்பத்திரி கெட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குப்பிக்கடை அப்படித்தான் நடந்தது. நீ கெட்டவனாக இருக்க வேண்டியதே இல்லை. நீ உன் நாற்காலியில் நல்லவனாக உட்கார்ந்திருந்தால் போதும், மற்றதைச் சாலை பார்த்துக்கொள்ளும்.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றாய் அல்லவா, நான் சொல்கிறேன். முதலில் கையை நீட்டியவர், அதை விற்றவர், பார்த்தும் பார்க்காமல் நாற்காலியில் இருந்து மாறிப் போன டாக்டர்கள், மரியாதை என்று சொல்லித் தலையில் சுமந்து கொண்டுபோன நாங்கள். உன்னை இந்த வரிசையில் நான் இன்னும் சேர்க்கவில்லை. சேர்க்க வைத்துவிடாதே.

நான் களைத்துவிட்டேன். அதனால் வாதத்தை விட்டுவிட்டு, ஆக வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

வருகிற ஐப்பசியில் நம் தாலுகாக்கள் தமிழ் ராஜ்யத்தோடு சேரப்போகின்றன. வருகிற சர்க்கார் அந்த ஆஸ்பத்திரியின் மலையாளப் பலகையைக் கழற்றித் தமிழ்ப் பலகை மாட்டும். அதோடு நிற்காமல், எந்த மருந்து எவ்வளவு கையில் இருக்கிறது என்று தினமும் வாசலில் எழுதி வைக்க வேண்டும். பெரிய டாக்டர் வாரத்தில் ஒரு நாளாவது கட்டுப்போடுகிற அறையில் நின்று, வந்த வரிசைப்படி ஆள் உள்ளே போகிறதா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். கட்டுப்போடுகிறவர் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும், வாங்குவதை நிறுத்தி. அவரை அங்கிருந்து பிடுங்காமல் இருக்க வேண்டியது உன் மாமா. மகளுக்கு அவர் நகை போடட்டும், வீடு கட்டிக் கொடுக்கட்டும், அதில் நான் தலையிடவில்லை. ஊர்க்காரர்கள் குலையை வீட்டில் பழுக்க வைத்துத் தின்ன வேண்டும். சும்மா வாங்கின மருந்தும் பலிக்கும் என்று ஊருக்குச் சொல்ல வேண்டியவள் உன் அம்மை. அவள் சொன்னால்தான் பெண்கள் நம்புவார்கள். நான் சொன்னால் சிரிப்பார்கள். நீ சர்க்கார் வேலையை விடக் கூடாது. விட்டே தீருவாய் என்றால், காசில்லாமல் வருகிறவனை யார் பார்ப்பது என்று முதல் நாளே முடிவு செய்து வைக்க வேண்டும். கம்பவுண்டர் அல்ல, புதிதாகப் படித்து வந்த பையன் அல்ல. நீ பார்க்க வேண்டும்.

என் பங்கு இது. கல்யாணத்துக்கு வருவேன், முன்னால் நிற்பேன், உன் மாமாவோடு ஒரே பந்தியில் சாப்பிடுவேன். திறப்புக்கு வர மாட்டேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்கு வருவேன். எனக்கு வயதாகிவிட்டது, அதிக நாள் ஆகாது. வரும்போது மடியில் காசு இருக்காது. இன்னாரின் அப்பா என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். வந்தவர்களுக்குப் பின்னால், வெயிலானாலும் மழையானாலும், வரிசையில் நிற்பேன். என்னைக் கூப்பிட வேண்டியவன் நீ.

அப்பா